ஹார்லன் மலைப் பெண்கள்



அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள மலை மாவட்டம் ஹார்லன். மாநிலத்திலேயே உயரமான மலை, 4,145 அடி, அங்கேதான் இருக்கிறது. சமநிலம் குறைவு, அன்று நிலக்கரிச் சுரங்கமே பிழைப்பாக இருந்தது. வேலையும் கம்பனியுடையதாக இருந்தது, வீடும் கம்பனியுடையதாக இருந்தது. வேலைநிறுத்தம் செய்தால் வீடும் போகும் நிலை இருந்தது. லயத்தில் வாழும் நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1973இல் புரூக்சைட் சுரங்கத் தொழிலாளர்கள் சங்க ஒப்பந்தம் கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மறியலில் நிற்பவர்களின் தொகையை நீதிமன்றம் குறைத்தது. உடனே அவர்களின் மனைவிமார் வீதிக்கு வந்து நின்றார்கள். போராட்டம் 13 மாதம் நீடித்தது. ஓர் இளம் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். 1974 ஆகஸ்டில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

நாமோ பேச்சுவார்த்தைக்குப் போகும்போது மாதர் தலைவிமாரை வீட்டில் விட்டுப் போகிறோம். கொழுந்து பறிக்கும் கைகள் பேச்சு மேசையிலும் இருக்கட்டும்.