குறியும் குழலும்



மலாக்கா நகரில் சந்தியாகோ கோட்டை வாயிலருகே நிற்கும் பழைய பீரங்கிகளைக் கண்டிருப்பீர்கள். 1511 ஆம் ஆண்டு இந்நகரைக் கைப்பற்றிய போர்த்துகீசிய வீரர் ஏந்திய துப்பாக்கிகளும் மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டுச் சுடுபவையே.

அவற்றின் குறி ஏன் தவறிற்று? குழலின் உட்புறம் வழுவழுப்பானது. குண்டோ எளிதில் நுழையச் சற்றுச் சிறிதாக வார்க்கப்பட்டது. ஆதலின் அது உள்ளே இருபுறமும் முட்டி, திசை மாறி வெளிவந்தது. பிற்காலத்தில் குழலினுள் திருகுவரிகள் வெட்டினர். எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டு அவ்வரிகளால் சுழன்று நேரே சென்றது.

எஞ்சியது சுடுபவர் கைப்பழக்கம். மருந்தை எப்பொழுதும் ஒரே அளவாக இட வேண்டும். குழலில் படியும் கரியை அடிக்கடி துடைக்க வேண்டும். கண்ணின் கூர்மையினும் இவையே பெரிதென்பது எங்கள் கருத்து. குண்டை மருந்தின்மேல் நன்கு படியுமாறு இறுக்காது இடைவெளி விட்டால், குழலே வெடிக்கக்கூடும்.

செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி அழிக்கிறதென்று தண்ணீர்க் குழாயைத் துப்பாக்கியாக்க எண்ணும் இளைஞர்க்கே இதைக் கூறுகிறோம். அக்குழாயில் திருகுவரியும் இல்லை, வெடியைத் தாங்கும் வலிவும் இல்லை. காயமுற்ற பன்றியோ திரும்பிப் பாயும்! உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை 1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடுக்கிறது. பன்றித் தொல்லை மிகுந்தால் தோட்ட நிர்வாகத்திடம் கூறி, வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு எழுதச் செய்யுங்கள்.