வெயிலுக்கும் அரைப்பேரா?



பூமி சூடாகிறது என்றால் ஏதோ வெளிநாட்டுப் பேச்சு என்று நினைக்காதீர்கள். நமக்கு அது கொழுந்துத் தராசிலேயே தெரிகிறது. வரட்சி நீண்டால் கொழுந்து வராது. நாள் முழுக்க மலையில் நின்றும் கிலோ சேராவிட்டால் அரைப்பேர். வானம் பெய்யாததற்குப் பெண்களின் சம்பளத்தில் வெட்டு, இது என்ன நியாயம்? வரட்சி மாதங்களில் கிலோவைக் குறைக்கச் சொல்லிக் கேட்போம்.

மழை வந்தால் வேறு பயம். சூடான காற்று நீராவியை அதிகம் சுமக்கும். கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது. ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னால் போதுமா? போய் இருக்கக் காணி வேண்டாமா?

நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையில் நம் பங்கு கொஞ்சம்தான். எரித்த பெரிய நாடுகள்தான் முதலில் குறைக்க வேண்டும். ஆனாலும் நிழல் மரம் நம் மலையில்தான் நிற்கிறது. அது காபனீரொட்சைட்டை இழுத்துக்கொள்ளும், தேயிலைக்கும் குளிர்ச்சி. ஸ்டோர் விறகுக்கு வெட்டினால் பதிலுக்கு நடச் சொல்லுங்கள். கான் துப்புரவுக்கும் ஆள் போடச் சொல்லுங்கள்.

வரும் தோட்டக் கமிட்டிக்கு, சுவர் வெடித்த லயம், புதிதாக ஊற்றுக் கிளம்பிய இடம், சாய்ந்த மரம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். அந்தப் பட்டியலோடுதான் துரையிடம் காணி கேட்கப் போகிறோம்.