ரெகுலேட்டர் இருந்தும் ஏன் இந்த 'ம்ம்ம்' சத்தம்?

போன எபிசோடுல பிரிட்ஜ் ரெக்டிஃபையர் வரைக்கும் பார்த்தோம். அதைக் கேட்டுட்டு ஒரு நேயர் எழுதியிருந்தார். 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கடைசியா 7812 ஐ.சி. ஆம்ப்ளிஃபையர்ல வால்யூமைக் கூட்டினா 'ம்ம்ம்'னு சத்தம் வருதாம். ஐ.சி.யை ரெண்டு தடவை மாத்தியும் போகலையாம்.

ஐ.சி. மேல தப்பு இல்லைங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜைத் தாண்டினா நொடிக்கு 100 மேடு, அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு மேடு. டையோடு அந்த மேட்டின் உச்சியை ஒட்டித்தான் கொஞ்ச நேரம் கரன்ட் விடும். மீதி நேரம் முழுக்க லோடுக்குக் கெப்பாசிட்டர்தான் சோறு போடணும். கொஞ்ச நேரம் மட்டும் மோட்டார் ஓடி, நாள் முழுக்கக் குழாய் திறந்திருக்கிற மொட்டைமாடித் தொட்டி மாதிரி. தொட்டி சின்னதா இருந்தா தண்ணி மட்டம் மடமடன்னு இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் ரிப்பிள்.

12 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 17 வோல்ட். ரெண்டு டையோடுல 1.4 போனா, 15.5. லோடு 1 ஆம்பியர்னு வைங்க. ஆம்பியரை 100ஆலும் ஃபாரட் மதிப்பாலும் வகுத்தா ரிப்பிள் வரும். 1000 மைக்ரோஃபாரடுக்கு விடை 10 வோல்ட்! அடுத்த மேடு அதுக்கு முன்னாடியே வந்துடறதால நிஜத்துல 7 வோல்ட் பக்கம் இருக்கும். அப்படின்னா பள்ளத்துல 8.5 வோல்ட்தான் மிச்சம். 7812க்கு உள்ளே வர்றது வெளியே போறதைவிட சுமார் 2 வோல்ட் கூட இருக்கணும், அதாவது 14. எட்டரையை வச்சுக்கிட்டு அது எப்படிப் பன்னிரண்டு கொடுக்கும்? நொடிக்கு 100 தடவை திணறுது. அந்தத் திணறல்தான் ஸ்பீக்கர்ல கேட்குது.

4700 போட்டாலும் பள்ளம் 13.7க்கு வரும். இன்னும் பத்தாது. 10,000 போட்டா தப்பிக்கலாம், ஆனா வீட்டு வோல்டேஜ் 210க்கு இறங்கினா உச்சமே 14 பக்கம் வந்துடும். கெப்பாசிட்டரை ஊதிக்கிட்டே போனா டையோடும் டிரான்ஸ்ஃபார்மரும் தாங்கவேண்டிய சார்ஜிங் அடியும் கூடும். என்னைக் கேட்டா, 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 4700 மைக்ரோஃபாரட், 35 வோல்ட் ரேட்டிங். ஐ.சி.யில 7 வாட் பக்கம் சூடாகும், ஹீட் சிங்க் கட்டாயம்.

ஐ.சி.யின் கால் பக்கத்துல போடுற குட்டி செராமிக், கடையில '104'னு கேட்டா தருவாங்களே, 0.1 மைக்ரோஃபாரட், அது எதுக்கு? பெரிய எலக்ட்ரோலிட்டிக் வேகமான நாய்ஸுக்கு அவ்வளவா உதவாது. உள்ளே இருக்கிற ரெசிஸ்டன்ஸும் கால்களின் இண்டக்டன்ஸும் தடுத்துடும். குட்டி அங்கே வேலை செய்யும், ஆனா காலை ஒட்டி இருக்கணும். நாலு இன்ச் ஒயர்ல தொங்கவிட்டா போட்டும் பிரயோஜனம் இல்லை.

இத்தனையும் செஞ்சும் ஹம் போகலைன்னா சத்தத்தைக் கவனிங்க. 100 ஹெர்ட்ஸா இருந்தா சப்ளை ரிப்பிள், இல்லைன்னா கெப்பாசிட்டரின் சார்ஜிங் கரன்ட் ஓடுற அதே கிரவுண்ட் ஒயர்லயே ஆடியோ கிரவுண்டையும் சேர்த்திருப்பீங்க. 50 ஹெர்ட்ஸா இருந்தா இன்புட் ஒயர் வெளியிலிருந்து இழுக்குது, அல்லது பிரிட்ஜுல ஒரு டையோடு போயிருக்கு.

பழைய செட்டுன்னா கெப்பாசிட்டரின் தலையைப் பாருங்க. உப்பியிருந்தா யோசிக்காம மாத்துங்க. தலை சமமா இருந்தும் உள்ளே காய்ஞ்சு போனது உண்டு. புதுசு வாங்கும்போது 85 டிகிரி வேண்டாம், 105 டிகிரி கேளுங்க. சூடு 10 டிகிரி குறைஞ்சா ஆயுள் ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

எஸ்.எம்.பி.எஸ். திறக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பிளக்கைப் பிடுங்கினப்புறமும் அந்தப் பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் வரைக்கும் நிக்கலாம். ஸ்க்ரூடிரைவரால ஷார்ட் பண்ணாதீங்க. ரெசிஸ்டர் வச்சு இறக்கிட்டு, மீட்டர்ல பார்த்துட்டுத் தொடுங்க. எஸ்.எம்.பி.எஸ்.ஸை அடுத்த வாரம் திறக்கலாம்.