உறையில் நிற்கும் பாட்டு



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசத் தகுதியுடையோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். எனக்கு ஒதுக்கப்பட்ட பொருள் சற்று விலகியது. ஒரு பாட்டுக்குப் படம் எடுக்கிறார்கள். அந்தப் படத்தோடு பொருந்துமாறு இசைத்தட்டின் உறையையும் பத்திரிகை விளம்பரத்தையும் அமைக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதே பொருள். இதெல்லாம் வணிகர் கவலை என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் சொல்லில் பிறந்த ஒரு படிமம் அசையும் படமாகி, பிறகு அசையாத உறையாகி, பிறகு கால்பக்க விளம்பரமாகச் சுருங்கும்போது எது மிஞ்சுகிறது, எது வழியில் உதிர்கிறது என்ற கேள்வி கவிஞர்களுக்கும் உரியதே.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாட்டைக் கேட்கிற ஒவ்வொருவரும் தமக்கென்று ஒரு காட்சியை மனத்துக்குள் கட்டிக்கொள்கிறார்கள். பாட்டுக்குப் படம் வந்ததும் அந்தப் பல்லாயிரம் காட்சிகளும் கலைந்து எல்லோருக்கும் ஒரே காட்சி வாய்த்துவிடுகிறது. உறையும் விளம்பரமும் அதையே மறுபடி அச்சடித்தால் கேட்பவருக்கு ஒன்றுமே மீதமில்லை. தொல்காப்பியர் வகுத்துத் தந்த முதல், கரு, உரி என்ற மூன்றையும் துணைக்கு அழைக்கிறேன். படத்திலிருந்து நிலத்தையும் பொழுதையும் எடுத்துக்கொள்ளலாம்; கருப்பொருளையும் எடுத்துக்கொள்ளலாம். உரிப்பொருளை மட்டும் உறைக்காரன் தொடக்கூடாது. அது பாட்டுக்குச் சொந்தம். (யாழும் பறையும் கருப்பொருள் வரிசையிலேயே வைக்கப்பட்டிருப்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி.)

இதற்கு மிகத் தெளிவான சான்று இங்கிலாந்தின் குவீன் குழுவினுடையது. அதன் பாடகர் பிரெடி மெர்க்குரி ஸான்ஸிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மராட்டியத்துப் பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் படித்து, பின்பு லண்டன் ஈலிங் கலைக்கல்லூரியில் வரைகலை பயின்றவர். குழுவின் இரண்டாவது இசைத்தட்டு 1974 மார்ச்சில் வெளிவந்தது. முதற்பக்கம், இரண்டாம் பக்கம் என்று சொல்லாமல் வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். உறைக்குப் படம் எடுத்தவர் மிக் ராக். 1932இல் வந்த ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ திரைப்படத்தில் மார்லீன் டீட்ரிச்சின் ஒரு நிழற்படம் உண்டு. இருட்டிலிருந்து முகம் எழுகிறது, ஒளி மேலிருந்து விழுகிறது, கைகள் முகத்தருகே நிற்கின்றன. அதை முன்மாதிரியாகக் கொண்டு நான்கு முகங்களைச் சாய்சதுரமாக அடுக்கி, மெர்க்குரியின் கைகளை மார்பின் குறுக்காக வைத்து அந்த உறை அமைந்தது. கறுப்பு, முகங்கள், மேலிருந்து ஒளி. வேறொன்றும் இல்லை.

அடுத்த ஆண்டு ‘பொஹீமியன் ராப்சடி’ வந்தது. 5 நிமிடம் 55 விநாடி ஓடும் பாட்டு. நடுவில் வரும் இசைநாடகப் பகுதி குரல்மேல் குரலாகப் பலமுறை பதிவு செய்யப்பட்டது. நால்வர் மேடையில் நின்று பாடிக்காட்ட முடியாதது. குழுவோ சுற்றுப்பயணம் புறப்பட இருந்தது. தொலைக்காட்சிக்கு நேரில் போய் வாயசைப்பதற்குப் பதிலாக ஒரு படத்தை அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. 1975 நவம்பர் 10ஆம் நாள் எல்ஸ்ட்ரீயில், ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில், புரூஸ் கவர்ஸ் அதை ஒளிநாடாவில் எடுத்து முடித்தார். நவம்பர் 20 அன்று பி.பி.சி.யின் ‘டாப் ஆஃப் த பாப்ஸ்’ நிகழ்ச்சியில் ஒளிபரப்பாயிற்று. பாட்டு பிரிட்டிஷ் பட்டியலில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் வருவது என்ன? முந்தைய ஆண்டின் உறையே. அதே இருட்டு, அதே நான்கு முகங்கள், அதே சாய்சதுரம். உறை உயிர்பெற்று வாயைத் திறக்கிறது. திரைப்படத்திலிருந்து ஓர் அசையாப் படம், அதிலிருந்து ஓர் உறை, உறையிலிருந்து மீண்டும் அசையும் படம் என்று 43 ஆண்டுகளில் ஒரு படிமம் போய்த் திரும்பியிருக்கிறது. நம் மரபில் ஓர் உவமை புலவர் கைமாறி வருவதைப் போல.

இதில் நான் மிகவும் மதிப்பது அந்தப் படம் செய்யாமல் விட்ட காரியத்தை. பாட்டிலே ஒரு கதை இருக்கிறது. ஒருவன் கொலை செய்துவிட்டதைத் தாயிடம் சொல்கிறான். படத்திலே தாய் இல்லை, துப்பாக்கி இல்லை, வழக்கும் இல்லை. நால்வர் முகங்களும், நடுநடுவே மேடைக் காட்சிகளும் மட்டுமே. முகம் பலவாகப் பெருகி அடுக்கடுக்காக ஓடுவது படக்கருவியை அதன் திரைக்கே திருப்பிக் காட்டிப் பெற்ற எளிய வித்தை. உரிப்பொருள் முழுவதும் பாட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது. நேரம் இல்லாததும் பணம் குறைவாக இருந்ததும் இதற்குக் காரணமாக இருக்கலாம். இருக்கட்டுமே! நல்ல கவிதையில்கூடச் சில சிக்கனங்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

அந்தப் பாட்டு இடம்பெற்ற இசைத்தட்டின் உறை வேறு. வெள்ளைத் தளத்தில் மெர்க்குரி வரைந்த குழுச் சின்னம். அதில் இரண்டு சிங்கம், ஒரு நண்டு, இரண்டு தேவதைகள்: நால்வரின் ராசிகள். சிம்மம் இருவருக்கு, கடகம் ஒருவருக்கு, கன்னி மெர்க்குரிக்கு. (நம்மூர் அழைப்பிதழ் அச்சகத்தாருக்கு இது வியப்பாக இராது.) தொலைக்காட்சியில் இருண்ட முகங்களைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனவர் கையில் வெள்ளை உறையை வாங்கினார். பொருத்தம் போதாது என்று இன்றைய விற்பனை அதிகாரி ஒருவர் குறை சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1976இல் வந்த அடுத்த தட்டுக்கு அதே சின்னத்தைக் கறுப்புத் தளத்தில் போட்டார்கள். உறைகள் தமக்குள் பேசிக்கொண்டன.

பிறகு 1981 ஆகஸ்டில் எம்.டி.வி. வந்தது, படம் பாட்டின் முதன்மை விளம்பரமே ஆகிவிட்டது. அப்போது உறைக்கும் படத்துக்கும் இடையே புதிய இடைஞ்சல் ஒன்று தலைகாட்டியது. மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ 1982 நவம்பர் இறுதியில் வெளிவந்தது. உறையில் அவர் வெள்ளை உடையில் சாய்ந்து படுத்திருக்கிறார். படம் எடுத்தவர் டிக் ஸிம்மர்மன். தலைப்புப் பாட்டுக்கான படம், ஜான் லாண்டிஸ் இயக்கியது, 1983 டிசம்பரில்தான் வந்தது. ஓராண்டு இடைவெளி. உலகம் நினைவில் வைத்திருக்கும் சிவப்பு மேலங்கி அந்தப் படத்துக்காக டெபோரா நடூல்மன் லாண்டிஸ் வடிவமைத்தது. அது உறையில் எங்கும் இல்லை. உறை ஓர் அழகிய இளைஞனைக் காட்டுகிறது, படம் பிணங்களை ஆடவிடுகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு புல்கூட முளைக்கவில்லை. ஆயினும் அந்தத் தட்டின் விற்பனை யாவரும் அறிந்தது. ஆகவே பொருத்தம் இல்லாவிட்டால் விற்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பொருத்தம் வேண்டுவது விற்பனைக்காக அன்று.

கைத்தொழில் பக்கத்தையும் சொல்ல வேண்டும். படத்திலிருந்து ஒரு சட்டத்தை வெட்டி எடுத்து உறையில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஐரோப்பிய, இந்தியத் தொலைக்காட்சியின் பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் கோடுகள் 576. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். கணக்குப் போட்டால் அந்தச் சட்டம் இரண்டு அங்குல உயரத்துக்குக்கூடக் காணாது. அதை 12 அங்குல இசைத்தட்டு உறைக்கு நீட்டினால் அங்குலத்துக்கு 48 கோடுதான். சேற்றில் முகம் பார்ப்பது போல. அதனால்தான் படப்பிடிப்பு நடக்கும்போதே தனியாக ஒரு நிழற்படக்காரரை நிறுத்துவது. உறைக்கும் விளம்பரத்துக்கும் அவர் எடுப்பதே உதவும்.

வடிவமும் ஒத்துவராது. உறை சதுரம். பழைய தொலைக்காட்சித் திரை நாலுக்கு மூன்று. சதுரமாக்கினால் கால்பங்கு போய்விடும். இப்போதைய திரை 16க்கு 9. அதில் ஏழு பங்கை இழக்க வேண்டும். இரண்டு பேர் இரு ஓரங்களில் நின்று ஒருவரையொருவர் பார்க்கும் காட்சி சதுரத்தில் ஒருவர் சுவரைப் பார்க்கும் காட்சியாகிவிடுகிறது. வண்ணமும் அப்படியே. திரையில் ஒளியாகப் பிறக்கிற நீலமும் பச்சையும் நான்கு மைகளில் விழும்போது மங்கிவிடும். செய்தித்தாளின் கறுப்பு வெள்ளையில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல். முதலில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுப் பார்த்து, அதிலும் நிற்கிற படத்தையே தேர்ந்தெடுப்பது நல்ல வழக்கம்.

நிகழ்ச்சியைச் சொல்லாமல் நிறுத்துவது எப்படி என்பதற்கு நம்மிடமே பழைய ஆசான் ஒன்று இருந்தது: திரையரங்க வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம். மெல்லிய தாள், அட்டையில் மை கலங்கிய இரண்டு முகங்கள். உள்ளே கதைச் சுருக்கம் நாயகன் பிரிந்து போவது வரைக்கும் வரும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடிந்துவிடும். பாடல்கள் மட்டும் முழுமையாக இருக்கும். எதைக் கொடுக்க வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் அந்தப் பெயர் தெரியாத பதிப்பாளர்களுக்கு இருந்த தெளிவு இன்று பல லட்சம் செலவிடும் நிறுவனங்களுக்கு இல்லை.

முழுவதையும் ஒரே கை செய்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொரில்லாஸ் குழுவைப் பார்க்கலாம். டேமன் ஆல்பர்ன் இசை. ஜேமி ஹியூலெட் ஓவியம். குழுவின் நால்வரும் வரையப்பட்டவர்கள், இரத்தமும் சதையும் இல்லாதவர்கள். 2001இல் வந்த முதல் இசைத்தட்டின் உறையில் அவர்கள் ஒரு ராணுவ ஜீப்பில் இருக்கிறார்கள். அதே ஆண்டு ‘19-2000’ என்ற பாட்டின் படத்தில் அந்த ஜீப் நெடுஞ்சாலையில் பாய்ந்து ஓடுகிறது. உறையில் வண்டி, படத்தில் பயணம். பயணத்தின் கூத்து எதுவும் உறையில் இல்லை. கருப்பொருள் ஒன்று, உரி வேறு என்பதை இதைவிடச் சுலபமாக யாரும் விளக்க முடியாது. ஒயிட் ஸ்டிரைப்ஸ் இருவரோ இன்னும் சிக்கனம்: சிவப்பு, வெள்ளை, கறுப்பு. உடையும் மேடையும் உறையும் இந்த மூன்று நிறமே; 2003இல் ‘செவன் நேஷன் ஆர்மி’ படமும் இவற்றாலேயே ஆனது. பொருளே வேண்டாம், நிறமே போதும் என்றால் அது முதற்பொருளா கருப்பொருளா என்பதை இங்குள்ள தமிழாசிரியர்கள் தீர்த்துவைக்கட்டும்.

விளம்பரத்துக்கு வருகிறேன். இது உறையைவிடக் கடினம். ஏனென்றால் இங்கே கேட்பவர் இன்னும் பாட்டைக் கேட்கவில்லை. நார்வே நாட்டு ஆ-ஹா குழுவின் ‘டேக் ஆன் மீ’ பாட்டை எடுத்துக்கொள்வோம். 1984இல் வேறொரு படத்தோடு வந்து எடுபடாமல் போன பாட்டு. மறுபடி பதிவாகி, 1985இல் ஸ்டீவ் பாரன் இயக்கிய படத்தோடு வந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. தேநீர் விடுதியில் ஒரு பெண் சித்திரக்கதை படிக்கிறாள். பென்சில் கோடுகளாலான நாயகன் தாளிலிருந்து கையை நீட்டுகிறான். அவள் உள்ளே போய்விடுகிறாள். பணம் கொடுக்காமல் போய்விட்டாள் என்று எண்ணிய பணிப்பெண் தாளைக் கசக்கிக் குப்பையில் எறிகிறாள். எடுத்த படத்தின் மேல் கோடு கோடாக வரைந்து, ஏறத்தாழ 3,000 சட்டங்களை மைக்கேல் பேட்டர்சனும் கேண்டஸ் ரெக்கிங்கரும் உருவாக்கினார்கள்.

இதற்கு விளம்பரம் வரையச் சொன்னால் பத்தில் ஒன்பது பேர் நீட்டிய கையைத்தான் போடுவார்கள். பாதி முகம் சித்திரம், பாதி முகம் நிழற்படம் என்று போடுபவரும் உண்டு. இரண்டும் படத்தின் நிகழ்ச்சி. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் காண்பதற்கு வியப்பு இராது. நானாக இருந்தால் கசங்கிய தாளைப் போடுவேன். கசங்கலின் மடிப்புகளுக்கு இடையே ஒரு கண்ணின் பென்சில் கோடு, அவ்வளவே. வாசகர் அதைத் தம் விரலால் நீவிப் பார்க்க விரும்ப வேண்டும். பென்சில் கோடு மலிவான செய்தித்தாளிலும் கெடாமல் விழும் என்பது கூடுதல் வசதி. கீழே பாட்டின் பெயர், குழுவின் பெயர், தட்டு கிடைக்கும் நாள். புகழுரை ஒரு வரியும் வேண்டாம்.

இப்போது உறையைப் பெரும்பாலோர் பார்ப்பது கைத்தொலைபேசித் திரையில், கட்டைவிரல் நகம் அளவில். 12 அங்குலத்துக்கு வரைந்ததெல்லாம் அங்கே பொடியாகிவிடுகிறது. கொரில்லாஸின் ஜீப்பில் இருப்பவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் மிக் ராக் இருட்டில் வைத்த நான்கு முகங்கள் அந்த அளவிலும் தெரிகின்றன. நேரம் இருந்தால் இன்றிரவு தொலைபேசியில் அந்த உறையைச் சுருக்கி வைத்துப் பாருங்கள். பிறகு பாட்டைப் போட்டு, திரையைக் கவிழ்த்துவிட்டுக் கேளுங்கள்.