கிராமசபை ‘வேண்டாம்’னா யார் கேக்கணும்?

(மயிலாப்பூர் மாங்கொல்லை விளக்கக் கூட்டத்தில் பேசியது)

தண்ணித்துறை மார்க்கெட்டுக்குப் பையோட வந்தவங்க அஞ்சு நிமிஷம் நின்னு கேளுங்க. பரந்தூர் விமான நிலையம் ஏதோ காஞ்சிபுரத்துக்காரன் பிரச்சினைன்னு நினைச்சுடாதீங்க. அந்த வயல்காட்டு வழியா ஓடுற கம்பன் கால்வாய்த் தண்ணி ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வந்து, அங்கிருந்து செம்பரம்பாக்கம் போகுது. செம்பரம்பாக்கத்தைத் திறந்தா அடையாறு என்ன ஆகும்? 2015 டிசம்பர்ல கண்ணால பார்த்தவங்க நீங்க.

ஏகனாபுரம் கிராமசபை 2022 ஆகஸ்ட் 15-ல் ‘விமான நிலையம் வேண்டாம்’ என்று தீர்மானம் போட்டது. அடுத்தடுத்த கிராமசபைகளிலும் அதே தீர்மானம். கலெக்டர் ஆபீசுக்குத் தாள் போச்சு. திரும்பி வந்தது என்ன? நிலமெடுப்பு நோட்டீசு!

இது எப்படி முடிஞ்சுது? 2013 மத்திய நிலமெடுப்புச் சட்டப்படி தனியார் திட்டம்னா பாதிக்கப்படுற குடும்பங்களில் 80 சதவீதம், அரசும் தனியாரும் சேர்ந்த திட்டம்னா 70 சதவீதம் சம்மதிக்கணும். அதுவும் ஓட்டெடுப்புதானே! ஆனா தமிழ்நாட்டில் 105-ஏ என்று ஒரு பிரிவைச் செருகி, 1997 தொழில் நிலமெடுப்புச் சட்டத்துக்கு விலக்கு கொடுத்துட்டாங்க. 2019 ஜூலையில் ஐகோர்ட் அதை ரத்து செய்தது. அதே மாதம் சட்டசபையில் புதுச் சட்டம்! 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் செல்லும்னு சொல்லிடுச்சு. 105-ஏ கொண்டுவந்தது ஒரு கட்சி ஆட்சி, பரந்தூரில் அந்த வழியில் நோட்டீசு விட்டது இன்னொரு கட்சி ஆட்சி. இதுல மட்டும் ரெண்டு பேருக்கும் சண்டையே கிடையாது.

ஒடிசா நியமகிரியைப் பாருங்க. 2013 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட், வேதாந்தாவுக்காக மலையை வெட்டலாமா என்பதைக் கிராமசபையே சொல்லட்டும் என்றது. நீதிபதி முன்னாடி 12 கிராமசபை கூடிச்சு. 12-ம் ‘முடியாது’ன்னுச்சு. 2014 ஜனவரியில் மத்திய அரசு அனுமதியை மறுத்தது. அங்கே இருந்த ஜனங்க நம்மைவிடப் படிச்சவங்களா, பணக்காரங்களா? இல்லீங்க. வன உரிமைச் சட்டம் 2006 அவங்க பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

மகாராஷ்டிரா ராய்கட்டில் ரிலையன்ஸ் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு எதிரா 2008 செப்டம்பர் 21-ல் 22 கிராம விவசாயிங்க சீட்டுல ஓட்டுப் போட்டாங்க. அந்த ஓட்டுக்குச் சட்ட பலம் இல்லை. ஆனாலும் விடாம நின்னதால நிலமெடுப்பு காலாவதியாச்சு.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மக்களுக்கும் ஒண்ணு சொல்றேன். 2022-ல் விதி வந்து உங்களுக்கும் ஏரியா சபை உண்டு. போய் உட்காருங்க. அங்கே போடுற தீர்மானமும் எங்க தாள் மாதிரிதான், யாரையும் கட்டுப்படுத்தாது.

அதனால நாங்க கேக்குறது ரெண்டுதான். 105-ஏ பிரிவை எடு! நிலமெடுப்பில் கிராமசபை ரகசிய ஓட்டெடுப்புக்குச் சட்ட பலம் கொடு! மனு மேடைக்கு இடது பக்கம் மேசையில இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.