அமைதிக்கு அடிக்கல்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

'சமூகத்தில் நிலைத்த அமைதி' என்னும் பொருளில் பேசும்படி நிர்வாகிகள் என்னைப் பணித்தார்கள். அமைதியின் சிறப்பைப் பற்றி நாம் மிம்பரில் நிறையவே கேட்டிருக்கிறோம். ஆகவே இன்று அச்சிறப்பை மீண்டும் எடுத்துரைக்காமல், ஒரு பள்ளிவாசலின் வரலாற்றை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அமைதி எப்படிக் குலைகிறது, குலைந்தபின் அதை எழுப்புவது எத்துணை கடினம் என்பதை அந்த வரலாறு நமக்கு விளக்கும்.

ஐரோப்பாவிலுள்ள பொஸ்னியா நாட்டின் வடமேற்கே பன்யா லூகா என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே உதுமானிய ஆளுநர் ஃபர்ஹாத் பாஷா 1579ஆம் ஆண்டு கட்டிய பள்ளிவாசல்தான் ஃபர்ஹாதிய்யா. நானூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாங்கொலி எழும்பிய அந்தப் பள்ளி, 1993 மே 7ஆம் நாள் இரவில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. நகரத்தின் மற்றொரு பழம்பெரும் பள்ளியான அர்னாவுதிய்யாவும் அதே இரவில் வீழ்ந்தது. இடிபாடுகளை லாரிகளில் அள்ளிச் சென்று குப்பைமேடுகளில் கொட்டினார்கள். போர் முடிவதற்குள் அந்நகரின் பதினாறு பள்ளிவாசல்களில் ஒன்றுகூட எஞ்சவில்லை. இத்தனைக்கும் பன்யா லூகா போர்முனையாக இருக்கவில்லை. அங்கே எதிரெதிரே நின்று சுட்டுக்கொண்ட படைகள் இல்லை. அப்படியானால் அந்த வெடிமருந்து எங்கிருந்து வந்தது?

வெடிக்கு முன்னால்

சகோதரர்களே! 1991ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பொஸ்னியாவில் நூற்றுக்கு நாற்பத்து மூன்று பேர் முஸ்லிம்கள். முப்பத்தொரு பேர் செர்பியர். பதினேழு பேர் குரோவாசியர். ஒரே மொழியைப் பேசினார்கள். ஒரே அடுக்குமாடி வீட்டில் குடியிருந்தார்கள். பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று வந்தார்கள். அந்த உறவு ஒரே நாளில் அறுந்துவிடவில்லை.

முதலில் செய்தி கைப்பற்றப்பட்டது. 1991 ஆகஸ்டில் கொசாரா மலையிலிருந்த தொலைக்காட்சிக் கோபுரத்தை ஓர் ஆயுதக் குழு பிடித்துக்கொண்டது. அதன்பின் அவ்வட்டாரத்து மக்களுக்குத் தலைநகர் சரயேவோவின் ஒளிபரப்பு கிட்டவில்லை. பெல்கிரேடின் ஒளிபரப்பே கிட்டியது. பக்கத்து வீட்டுக்காரன் உன்னைக் கொல்லக் காத்திருக்கிறான் என்ற அச்சம் நாள்தோறும் ஊட்டப்பட்டது. அடுத்துப் பிழைப்பு பறிக்கப்பட்டது. 1992இல் முஸ்லிம்களும் குரோவாசியரும் தொழிற்சாலை, மருத்துவமனை, காவல்துறை எனப் பணியிடங்களிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதற்கடுத்து அடையாளம் இடப்பட்டது. பக்கத்து நகரான பிரியெடோரில் 1992 மே 31 அன்று, செர்பியர் அல்லாதோர் தம் வீடுகளில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும் என்றும், வெளியே வருகையில் கையில் வெள்ளைப் பட்டை கட்ட வேண்டும் என்றும் ஆணை பிறந்தது. அந்நாட்களிலேயே வதைமுகாம்களும் வந்தன.

வெடிமருந்து இறுதியாகத்தான் வந்தது. அதற்கு முந்திய ஒவ்வொரு படியிலும், இது தவறு என்று பலர் சேர்ந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் அடுத்த படிக்கு ஏறுவது கடினமாயிருக்கும். சொன்னவர்கள் மிகச் சிலரே. திரெபின்யே நகரில் ஸ்ரஜான் அலெக்ஸிச் என்னும் செர்பிய இளைஞர், முஸ்லிம் ஒருவரைச் சிப்பாய்கள் தாக்குவதைக் கண்டு தடுத்தார். அவரை அடித்தே கொன்றார்கள். அது 1993 ஜனவரி. இன்று சரயேவோவில் அவர் பெயரால் ஒரு தெரு இருக்கிறது. ஒரு கூட்டத்தார் செய்த கொடுமைக்காக அக்கூட்டத்தார் அனைவரையும் வெறுக்கக்கூடாது என்பதற்கு அந்த இளைஞரே சாட்சி.

ஒப்பந்தத்திற்குப் பின்னால்

1995 டிசம்பர் 14 அன்று டேட்டன் உடன்படிக்கை பாரிஸில் கையெழுத்தாயிற்று. துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மாண்டிருந்தார்கள். இருபது லட்சத்திற்கும் மேற்பட்டோர் வீடிழந்திருந்தார்கள். கையெழுத்து போரை நிறுத்திற்று. அமைதியைக் கொண்டுவரும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கிற்று. அது மூன்று வேலையாக இருந்தது.

முதலாவது, பறித்ததைத் திருப்பிக் கொடுத்தல். ஏறத்தாழ இரண்டு லட்சம் குடும்பங்கள் தத்தம் வீட்டைக் கோரி மனுக் கொடுத்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை 2006க்குள் உரியவர்க்கே திரும்பின. ஆயினும் வீட்டைப் பெற்றவர் பலர் அதை விற்றுவிட்டு வேற்றூருக்கே போனார்கள். சாவியைக் கொடுத்துவிடலாம், எதிர்வீட்டாரின் முகத்தில் நம்பிக்கையைக் கொடுப்பது எளிதன்று.

இரண்டாவது, உண்மையைச் சொல்லுதல். போர் முடிந்தபோது முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. மரபணுச் சோதனையின் துணையால் பெரும்பாலோர் அடையாளம் காணப்பட்டு அடக்கம் செய்யப்பட்டார்கள். ஆயினும் ஏறத்தாழ ஏழாயிரம் பேரின் உடல்கள் இன்னும் கிடைக்கவில்லை. பிரியெடோர் அருகே தொமாஷித்ஸா என்னுமிடத்தில் நானூறுக்கும் மேற்பட்ட உடல்கள் கொண்ட புதைகுழி 2013இல்தான் வெளிப்பட்டது. இருபது ஆண்டுகள்! மண்ணைத் தோண்டிய இயந்திரம் ஓட்டியவர் இருந்திருப்பார். உடல்களைச் சுமந்த வண்டி ஓட்டியவர் இருந்திருப்பார். அவர்களும் சந்தைக்குப் போனார்கள்; பிள்ளைகளுக்குத் திருமணம் செய்தார்கள். மகனைத் தேடிய தாய் அதே சாலையில் நடந்துகொண்டிருந்தாள். அந்த மௌனத்தை அமைதி என்று எவரேனும் அழைக்க முடியுமா?

மூன்றாவது, பிள்ளைகள். பொஸ்னியாவின் சில நகரங்களில் ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடங்கள் இயங்குகின்றன. ஒரு சாரார் பிள்ளைகள் ஒரு வாயிலில், மறுசாரார் பிள்ளைகள் மறுவாயிலில். பாடநூல்கள் வேறு, ஆசிரியர்கள் வேறு. தொடக்கத்தில், அகதிகளாகப் போனவர்கள் அச்சமின்றித் திரும்பட்டும் என்ற நல்லெண்ணத்தில் செய்த தற்காலிக ஏற்பாடு அது; பிறகு அதுவே நிலையாகிவிட்டது. ஆனால் யாய்த்ஸே என்னும் ஊரில் மேலும் ஒரு பள்ளிக்கூடத்தை இனவாரியாகப் பிரிக்க முற்பட்டபோது, மாணவர்களே எழுந்து தெருவில் நின்றார்கள். எங்களைப் பிரிக்காதீர்கள் என்றார்கள். 2017இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. பெரியவர்கள் போட்ட சுவரைச் சிறுவர்கள் தடுத்தார்கள்.

இனி, ஃபர்ஹாதிய்யாவுக்கு வருவோம். 2001 மே 7 அன்று, பள்ளியை மீண்டும் கட்ட அடிக்கல் நாட்ட முயன்றார்கள். பெருங்கூட்டம் ஒன்று கல்லெறிந்து தாக்கியது. முதியவர் ஒருவர் காயமுற்று உயிர்நீத்தார். போர் நின்று ஐந்தரை ஆண்டுகள் கழிந்தும் அந்நகரின் நெஞ்சம் ஆறியிருக்கவில்லை. ஆயினும் பள்ளியின் மக்கள் வன்மம் கொள்ளவில்லை, பின்வாங்கவுமில்லை. குப்பைமேடுகளிலிருந்து பழைய கற்களைத் தேடிச் சேர்த்தார்கள். எந்தக் கல் எந்தச் சுவரில் இருந்தது என்று ஆராய்ந்து, இயன்றவற்றை அதனதன் இடத்திலேயே பதித்தார்கள். போர்க்காலத்தில் அவ்வட்டாரத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஒருவர், சமயத் தலங்களின் அழிவு உள்ளிட்ட குற்றங்களுக்காகச் சர்வதேச நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். 2016 மே 7 அன்று, இடிந்த அதே நாளில், ஃபர்ஹாதிய்யாவின் கதவு மீண்டும் திறந்தது. இடிக்க ஓர் இரவு போதுமாயிருந்தது. எழுப்ப இருபத்து மூன்று ஆண்டுகள் ஆயின.

நம் வாசலில்

பெரியோர்களே! மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தார் பல தலைமுறை பகையை மறந்து சகோதரர்களானதை நாம் அறிவோம். அதன்பின்னும் ஒருநாள், புஆஸ் போரின் பழைய கவிதைகள் ஓர் அவையில் நினைவூட்டப்பட்டதும் அவர்கள் ஆயுதத்தை நோக்கி எழுந்ததாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. செய்தி எட்டியதும் நாயகம் (ஸல்) அவர்கள் ஆளனுப்பிவிட்டு அமர்ந்திருக்கவில்லை. தாமே விரைந்து சென்றார்கள். ஆறிய புண்ணும் ஒரு சொல்லால் திறந்துகொள்ளும் என்பதும், அதை ஆற்றத் தலைவரே நடந்து போகவேண்டும் என்பதும் அதில் உள்ள படிப்பினை.

இதைச் சொல்லும்போது என்னையே நான் கேட்டுக்கொள்கிறேன். நம் மஹல்லாவில் ஓர் எல்லைச் சுவருக்காகப் பிரிந்த இரு குடும்பங்கள் பதினோர் ஆண்டுகளாக ஸலாம் சொல்லிக்கொள்வதில்லை. இரு வீட்டு நிக்காஹ்வையும் நான்தான் ஓதிவைத்தேன். இங்கு அவர்களைப் பற்றிப் பேசவில்லை, அங்கு இவர்களைப் பற்றிப் பேசவில்லை. அதை நான் நிதானம் என்று எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஒரு ஜனாஸாவில், அவ்விரு வீட்டுச் சிறுவர்களும் ஒரே ஸஃப்பில் நிற்க மறுத்து விலகிப் போனதைக் கண்டபோதுதான், என் மௌனமும் அந்தச் சுவரில் ஒரு கல்லாக இருந்ததை உணர்ந்தேன். இன்ஷா அல்லாஹ், இவ்வாரமே இரு வாசலுக்கும் நான் நடந்து செல்கிறேன். நிர்வாகிகளில் இருவர் என்னோடு வரவேண்டும் என்று இந்த அவையில் வேண்டிக்கொள்கிறேன்.

உங்களிடமும் மூன்று வேண்டுகோள்கள். கைப்பேசியில் வரும் பகைச் செய்தியை, அது நம்மவரைப் பற்றியதாயினும் பிறரைப் பற்றியதாயினும், தீர விசாரிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்கு இடும் கட்டளை அது. மாற்று மதத்து அண்டை வீட்டாரின் நல்லது கெட்டதில் குடும்பத்தோடு சென்று நில்லுங்கள். உங்கள் பிள்ளைகளுக்குப் பழைய பகையைச் சீதனமாகக் கொடுக்காதீர்கள்.

உடைந்த உள்ளங்களை ஒட்டவைக்கும் ஆற்றல் உள்ளவன் இறைவன் ஒருவனே. அவன் நம் நாவையும் நம் வீதியையும் நம் நாட்டையும் காப்பானாக! ஃபர்ஹாதிய்யாவின் மக்கள் கற்களைத் தேடிச் சேர்த்ததுபோல், சிதறிய உறவுகளைத் தேடிச் சேர்க்கும் பொறுமையை நமக்கு அருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.