ஒன்றரை மீட்டருக்கு இரண்டு வரி

இணையத்தில் புதிதாகக் கடை போட்டவர்கள் முதல் மாதத்திலேயே ஒரு குறை சொல்வார்கள். "கடை நல்லாத்தாங்க வந்திருக்கு. ஆனா நாங்க யாவாரம் பண்ற மாதிரி இல்லையே." எப்படி இருக்கும்? அந்த மென்பொருளை எழுதியவர்களுக்கு உங்கள் வியாபாரம் தெரியாதே! அந்த இடைவெளியை நிரப்ப நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. இன்றைக்கு அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

நான் அதிகம் புழங்குவது வூகாமர்ஸில். வேர்ட்பிரஸ் வலைத்தளத்தைக் கடையாக மாற்றும் இலவச மென்பொருள் அது. 2011இல் வூதீம்ஸ் என்ற நிறுவனம், ஜிகோஷாப் என்ற இன்னொரு கடை மென்பொருளிலிருந்து கிளை பிரித்து இதை உருவாக்கியது. 2015இல் ஆட்டோமேட்டிக் நிறுவனம் வூதீம்ஸை வாங்கிக்கொண்டது. ஷாப்பிஃபை போல மாதக் கட்டணம் வாங்கும் தளங்களில் உள்நிரல் நம் கைக்கு வராது. இங்கே அத்தனையும் திறந்து கிடக்கும். கைக்கு எட்டுகிறதே என்று பலர் நேராகக் கையை வைத்துவிடுகிறார்கள். மறுமாதம் புதிய பதிப்பு வந்து பழைய கோப்புகளின் மேல் உட்காரும்போது, எழுதியது மொத்தமும் போய்விடும்.

ஒரு காலத்தில் அப்படிக் கை வைப்பதைத் தவிர வழியில்லை. 2000இல் ஜெர்மனியில் தொடங்கிய ஓஎஸ்காமர்ஸ் என்ற கடை மென்பொருளைப் பயன்படுத்திய மூத்தவர்களைக் கேளுங்கள். புது வசதி ஒன்று வேண்டுமென்றால் ஒரு குறிப்புத்தான் வரும்: இந்தக் கோப்பைத் திற, இந்த வரியைத் தேடு, அதற்குக் கீழே இதை ஒட்டு. நாலைந்து வசதி சேர்த்த கடையைப் புதிய பதிப்புக்கு மாற்ற யாருக்கும் தைரியம் வராது.

வேர்ட்பிரஸ் பிடித்த வழி வேறு. அதுதான் எனக்கு இந்தத் தொழிலிலேயே பிடித்த சங்கதி: கொக்கி. வீடு கட்டுகிறவர்களுக்குத் தெரியும். தளம் போடும் அன்றைக்கே மேஸ்திரி கூரையில் கம்பிக் கொக்கி விட்டுவிடுவார். பின்னால் அதில் மின்விசிறியும் மாட்டலாம், தொட்டிலும் கட்டலாம். கூரையை உடைக்க வேண்டாம். வூகாமர்ஸில் இப்படி நூற்றுக்கணக்கான கொக்கிகள். சிலவற்றுக்கு ஆக்‌ஷன் என்று பெயர்; "இந்த இடத்துக்கு வந்துவிட்டேன், ஏதாவது செய்யணுமா?" என்று கேட்கும். மற்றவை ஃபில்டர். அவை ஒரு மதிப்பை நம்மிடம் கொடுக்கும். திருத்தினாலும் திருத்தாவிட்டாலும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். புதிதாக எழுதுகிற தம்பி தங்கைகளே, அந்த ரிட்டர்ன் வரியை மட்டும் மறந்துவிடாதீர்கள்!

ஈரோட்டுப் பக்கம் ஓர் அம்மா, சேலையும் வெட்டுத் துணியும் விற்கிறவர், என்னைக் கூப்பிட்டார். "ஏங்கண்ணு, ஒன்றரை மீட்டர்னு போட்டா வாங்க மாட்டேங்குதே?" அளவுப் பெட்டி முழு எண்ணைத்தான் வாங்கும். அது வெளிப்பூச்சு, அரை அரையாக ஏறும்படி ஒரு ஃபில்டரில் மாற்றிவிடலாம். மாற்றியும் ஆயிற்று. பெட்டி ஒன்றரையை வாங்கிக்கொண்டது, பில் ஒரு மீட்டருக்குத்தான் வந்தது.

காரணம் உள்ளே இருந்தது. ஸ்டாக் அமவுண்ட் என்று ஒரு ஃபில்டர். அதில் வூகாமர்ஸே இன்ட்வேல் என்ற சின்னக் கட்டளையை மாட்டி வைத்திருக்கிறது. எந்த எண் வந்தாலும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி எறிவது அதன் வேலை. மேல்நாட்டில் டி-சர்ட் விற்கிறவருக்கு அது பாதுகாப்பு, ஈரோட்டில் துணி விற்கிறவருக்கு நஷ்டம். தீர்வு இரண்டே வரி. முதல் வரியில் இன்ட்வேலைக் கொக்கியிலிருந்து கழற்று. அடுத்த வரியில், புள்ளிக்குப் பின்னால் இருப்பதையும் விட்டுவைக்கும் ஃப்ளோட்வேலை மாட்டு. அவர்கள் எழுதிய கோப்பில் ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. அவர்கள் மாட்டியதையே கழற்ற நமக்கு உரிமை கொடுத்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், அந்தப் பெருந்தன்மைக்கு நான் அடிமை.

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கொக்கி கடை முழுவதற்கும் பொது. இப்போது அரைச் சேலைக்கும் ஆர்டர் வரலாம்! ஆகவே எந்தச் சரக்குக்கு எந்த அளவு என்று பிரித்து எழுத வேண்டும். பெட்டியில் தடுத்தால் மட்டும் போதாது. கூடையில் சேர்க்கும் நேரத்தில் சரிபார்க்கும் இன்னொரு கொக்கி இருக்கிறது, அதிலும் மாட்ட வேண்டும். இரண்டு வரி கடைசியில் இருபது முப்பது வரியாகும். கேட்ட கூலி ஏன் கூடிற்று என்று அந்த அம்மாவுக்கு விளக்கியதுதான் அதைவிடப் பெரிய வேலை.

இனிப்புக் கடைக்காரர்கள் பெரும்பாலும் கேட்பது அஞ்சல் குறியீடு சமாசாரம். முறுக்கு எந்த ஊருக்கும் போகலாம், பால்கோவா 641இல் தொடங்கும் கோவைக் குறியீடுகளுக்கு மட்டும். அதற்கு அனுப்பும் கட்டணங்களைத் தரும் ஃபில்டர் உண்டு. ஆனால் கட்டணத்தை வூகாமர்ஸ் ஒருமுறை கணக்கிட்டு நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் நிரலை மாற்றிய பிறகும் பழைய தொகையையே காட்டி வெறுப்பேற்றும். கூடையில் ஒரு பொருளைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், புதுக்கணக்கு வரும்.

ஒரே கொக்கியில் பலரும் மாட்டினால் யார் முந்தி? அதற்கு ஓர் எண் கொடுக்கலாம், கொடுக்காவிட்டால் 10. சின்ன எண் முதலில் ஓடும். தள்ளுபடியும் பரிசுத்தாள் கட்டணமும் முட்டிக்கொண்டால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள். இதை விரித்துச் சொல்ல இன்னொரு நாள் வேண்டும்.

ஒரு சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2023 நவம்பரில் வந்த வூகாமர்ஸ் 8.3 பதிப்பிலிருந்து, புதிய கடைகளில் கூடையும் பணம் கட்டும் பக்கமும் பிளாக் என்ற புது வடிவில்தான் வருகின்றன. முகவரிப் பெட்டிகளைத் திருத்தும் பழைய ஃபில்டர் அங்கே எடுபடாது. பழைய குறிப்பைப் பார்த்து எழுதிவிட்டு, "ஒண்ணுமே நடக்கலையே" என்று நிற்பவர்கள் நிறைய. எனக்கு இதில் வருத்தம்தான். புது வடிவம் வேகமானது என்கிறார்கள், இருக்கட்டும். பழைய கொக்கிகளின் எளிமை அதில் இன்னும் வரவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது. கடைக்காரர்களே, நிரல் எழுதுகிறவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: எழுதியது வூகாமர்ஸ் கோப்புகளுக்கு வெளியே தனிப் பிளகினாக இருக்கிறதா? கடையின் நகல் ஒன்றில் ஓட்டிப் பார்த்தீர்களா? தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் எதையும் மாற்றச் சொல்லாதீர்கள், அந்த வாரம் நாங்களும் துணி எடுக்கப் போக வேண்டும். உங்கள் கடைக்கு ஆர்டர்கள் குவியட்டும்.